பாலைவனத்து வீட்டுக்கு எதுக்கு ஹீட்டர்?



மூணு மாசமா மடப்பள்ளிப் பக்கம் ஆளையே காணோமேன்னு பலர் புலனத்துல கேட்டிருந்தீங்க. மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். லாஸ் வேகஸ் பக்கத்துல ஹெண்டர்சன்னு ஒரு ஊர். பேத்தி பிறந்திருக்கா. தாயும் பிள்ளையும் நலம். விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி.

அங்கே வீட்டு ஹீட்டர் கெட்டுப்போன கதையை இங்க நாலு பேர்கிட்ட சொன்னேன். நாலு பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "அது பாலைவனம் ஆச்சே, அங்க எதுக்கு ஹீட்டர்?" கேள்வி நியாயமானதுதான். ஆனா பதில் கொஞ்சம் நீளம். அதோட, நம்ம கோயில் குடும்பங்கள்லயே எத்தனையோ பேரோட பிள்ளைங்க அமெரிக்காவுல இருக்காங்க. லாஸ் வேகஸ், ஃபீனிக்ஸ் மாதிரி வெயில் ஊர்ல இருக்கிறவங்களும் உண்டு. என்னை மாதிரி பிரசவம் பார்க்கப் போற அம்மாக்களும் மாமியார்களும் இருக்கீங்க. நம்ம சிங்கப்பூர் வீட்டுல இல்லாத ஒரு ஆபத்து அங்க இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாப் படிங்க.

முதல்ல அந்த ஊர் தட்பவெப்பம். லாஸ் வேகஸ் மொஹாவி பாலைவனத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் வெயில் கொளுத்தும். 2024 ஜூலை 7ஆம் தேதி அங்கே பதிவான வெப்பம் 48.9 டிகிரி செல்சியஸ். அந்த ஊரில் இதுவரை பதிவானதிலேயே அதுதான் உச்சம். ஆனால் டிசம்பர், ஜனவரியில் பகலில் 14, 15 டிகிரி இருக்கும். இரவில் 4 டிகிரிக்கு இறங்கிவிடும். சில இரவுகளில் தண்ணீர் உறையும் அளவுக்கும் போகும். 2008 டிசம்பரில் அங்கே பனியே கொட்டியிருக்கிறது.

ஏன் அப்படி? நம்ம ஊர்ல காத்துல எப்பவும் ஈரம் இருக்கும், வானத்துல மேகம் இருக்கும். பகல்ல வாங்கின சூட்டை ராத்திரியில விட்டுடாம ஒரு போர்வை மாதிரி அது பிடிச்சு வச்சிருக்கும். அதனாலதான் நமக்குப் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியறதில்லை. பாலைவனத்துல அந்தப் போர்வை கிடையாது. சூரியன் மறைஞ்சதும் தரையில இருக்கிற சூடு நேரா வானத்துக்குப் போயிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மெல்லிய சட்டையோட வாசல்ல நின்னவங்க, ஒன்பது மணிக்குக் கம்பளிச் சட்டை தேடுவாங்க. 23 டிகிரிக்கே "இன்னைக்கு என்ன இப்படிக் குளிருது"ன்னு சொல்ற ஆளுங்க நாம. 4 டிகிரின்னா யோசிச்சுப் பாருங்க.

அதனால அங்க அநேகமா எல்லா வீட்டுலயும் ஹீட்டர் உண்டு. என் மகள் வீட்டுல இருக்கிறது எரிவாயுவுல ஓடுறது. அதை 'ஃபர்னஸ்'னு சொல்றாங்க. கூரைக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவுல இருக்கிற பரண்ல, ஒரு பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே கேஸ் எரியும். அந்தச் சூட்டுல காத்து சூடாகி, குழாய் வழியா எல்லா அறைக்கும் போகும். கோடைக்கு ஏர்கோன் போடும்போதும் அதே குழாய், அதே புளோவர் விசிறிதான். ஒரு விசிறி, இரண்டு வேலை.

இங்கேதான் பாலைவன ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. குளிர் நாட்டுல ஹீட்டர் வருஷத்துல பாதி நாள் ஓடும்; கோளாறு வந்தா உடனே தெரிஞ்சிடும். லாஸ் வேகஸ்ல மார்ச் மாசம் நிறுத்தினா நவம்பர் வரைக்கும் தொடவே மாட்டாங்க. அந்த எட்டு மாசமும் பெட்டி பரண்ல சும்மா கிடக்கும். கோடையில பரணுக்குள்ள சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாலைவனத்துத் தூசி மாவு மாதிரி நுண்ணியது, எல்லா இடுக்குலயும் போய் உட்காரும். சின்னக் குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டும். விசிறியோ கோடை முழுக்க ஏர்கோனுக்காக ஓய்வில்லாம ஓடிக் களைச்சிருக்கும். அப்புறம் முதல் குளிர் ராத்திரி ஊரே ஒண்ணா சுவிட்சைப் போடும். எத்தனை வீட்டுல ஓடாதோ அத்தனை பேரும் ஒரே நாள்ல ரிப்பேர்காரருக்குப் போன் அடிப்பாங்க. யாருக்குத்தான் உடனே வர முடியும்?

எங்க வீட்டுல நவம்பர்ல நல்லாத்தான் ஓடுச்சு. முதல் நாள் மட்டும் கருகின வாடை வந்துச்சு. தேங்கியிருந்த தூசி எரியிற வாடைதான், கொஞ்ச நேரத்துல போயிடும்னு மாப்பிள்ளை சொன்னார். போயிடுச்சு. டிசம்பர் நடுவுல, பேத்திக்குப் பத்தொன்பதாவது நாள், ராத்திரி பதினோரு மணிக்கு நின்னுபோச்சு.

சுவர்ல இருக்கிற தெர்மோஸ்டாட் 20 டிகிரி வைக்கச் சொல்லுது. பரண்ல ஏதோ உறுமுற சத்தம் கேக்குது, 'டப்'னு தீப்பிடிக்கிற சத்தம் கேக்குது, நாலஞ்சு வினாடியில அடங்கிடுது. மறுபடி உறுமல், மறுபடி 'டப்', மறுபடி அமைதி. மூணு நாலு தடவை இப்படிப் பண்ணிட்டு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. மாப்பிள்ளை சுவிட்சை அணைச்சுப் போட்டுப் பார்த்தார். அதே கதைதான். பன்னிரண்டரைக்கு வீடு 17 டிகிரி. விடியக்காலை மூணு மணிக்கு 14.

பெரியவங்க நாம ரெண்டு போர்வை போர்த்திக்கலாம். பத்தொன்பது நாள் குழந்தைக்கு என்ன செய்யறது? பச்சைக் குழந்தை உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழந்துடும். பெரியவங்க மாதிரி நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கவும் அதுக்குத் தெரியாது. தொட்டில்ல போர்வை மேல போர்வையாப் போடலாம்னா, முகத்தை மூடிடும், அது அதைவிட ஆபத்துன்னு ஆஸ்பத்திரியில சொல்லியே அனுப்பியிருந்தாங்க.

அப்போதான் சம்பந்தியம்மா அந்த யோசனையைச் சொன்னாங்க. அவங்க ஈப்போக்காரங்க, என்னைவிட எட்டு வயசு மூத்தவங்க, நாலு பேரப்பிள்ளைங்களைக் குளிப்பாட்டி எடுத்த கை. குழந்தைக்குச் சாம்பிராணி போடறதுக்காக மண் சட்டியும் ஒரு பை கரியும் வாங்கி வச்சிருந்தோம். "கரியை வெளியில பத்த வச்சு, நல்லா கனிஞ்சதும் சட்டியோட கொண்டாந்து தொட்டில் பக்கத்துல வைப்போம் தங்கச்சி. கதவைச் சாத்திட்டா அறை கதகதன்னு ஆயிடும். புகையே வராது"ன்னாங்க.

அவங்க அனுபவத்துல அது சரிதான். தோட்டத்து வீட்டுல, பலகைச் சுவர் இடுக்கெல்லாம் காத்து வர்ற வீட்டுல, அப்படிச் செஞ்சிருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அமெரிக்கா வீடு அப்படி இல்ல. ஏர்கோன் குளிர்ச்சியும் ஹீட்டர் சூடும் வீணாகக் கூடாதுன்னு ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கமா அடைச்சுக் கட்டின வீடு. புகை இல்லாத கனல்தான் அங்க ரொம்ப மோசம்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். கரியோ கேஸோ விறகோ, எது முழுசா எரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, கண் எரிச்சலும் இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் பிராணவாயுவுக்கு இடமே இல்லாமல் போய்விடும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. விழித்திருப்பவருக்கு ஏதோ சளிக் காய்ச்சல் போலத் தோன்றும். தூங்குகிறவருக்கு அதுவும் தோன்றாது. அமெரிக்காவில் தீ விபத்து இல்லாமலேயே இந்த வாயுவால் ஒவ்வோர் ஆண்டும் 400க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் சொல்கிறது. குளிர் மாதங்களில்தான் அதிகம்.

ஆனா ராத்திரி ஒரு மணிக்கு, குளிர்ல அழற குழந்தையை வச்சுக்கிட்டு, மூத்த சம்பந்திகிட்ட இதை எப்படிச் சொல்றது? "உங்களுக்குத் தெரியாது"ன்னு சொன்னா அது மரியாதை இல்ல. நான் சொன்னது இதுதான்: "அக்கா, நம்ம கோயில்ல ஹோமம் பண்றப்போ மண்டபத்துக் கதவு எல்லாத்தையும் திறந்துதானே வைப்போம்? இந்த வீட்டுல திறந்தா குளிர் வந்துடும், மூடினா புகை இல்லாத நஞ்சு நின்னுடும். கரி வேணாம். குழந்தையை மாத்தி மாத்தி நம்ம நெஞ்சுல போட்டுக்குவோம்."

அவங்க ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் எழுந்து போய்க் கைகால் கழுவிட்டு வந்து, "சரி, முதல் முறை நான்"னு சொல்லிக் குழந்தையை வாங்கிக்கிட்டாங்க.

அந்த ராத்திரியை அப்படித்தான் ஓட்டினோம். எல்லாரும் ஒரே அறையில. குழந்தை துணி இல்லாம, தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, ஒருத்தர் நெஞ்சோட நெஞ்சா. மேல ஒரு போர்வை. முகம் வெளியில தெரியிற மாதிரி. வச்சிருக்கிறவங்க தூங்கக் கூடாது, தூக்கம் வந்தா அடுத்தவங்ககிட்டக் குடுத்துடணும். மகள், சம்பந்தியம்மா, நான், மாப்பிள்ளை, நாலு பேரும் முறை போட்டுக்கிட்டோம். காலையில கடை திறந்ததும் மாப்பிள்ளை போய் மின்சார ஹீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். அதை நீட்டிப்பு ஒயர்ல மாட்டாம நேரா சுவர்ல சொருகணும், துணி, திரை, படுக்கை எதுவும் ஒரு மீட்டருக்குள்ள இருக்கக் கூடாது. சமையலறை கேஸ் அவனைத் திறந்துவிட்டு வீட்டைச் சூடு பண்றதும் கூடவே கூடாது. அதுவும் கரி மாதிரிதான்.

ரிப்பேருக்கு அஞ்சு கம்பெனிக்குப் போன் பண்ணினோம். நாலு இடத்துல ரெண்டு நாள் ஆகும்னாங்க. ஒரு இடத்துல மட்டும் அன்னைக்கு மத்தியானமே ஆள் அனுப்பினாங்க. கம்பெனி பேரெல்லாம் வேணாம்.

வந்தவர் சின்னப் பையன், மரியாதையாத்தான் பேசினார். பரண்ல இருபது நிமிஷம் இருந்துட்டு இறங்கி வந்து, "ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல வெடிப்பு இருக்கு. கார்பன் மோனாக்சைடு வரும். வீட்டுல குழந்தை வேற இருக்கு. கேஸை மூடிட்டேன். முழு ஃபர்னஸும் மாத்தணும், ஏர்கோனும் பழசு, சேர்த்தே மாத்திடுங்க"ன்னார். விலை 11,400 அமெரிக்க வெள்ளி. இன்னைக்கே கையெழுத்துப் போட்டா 1,500 தள்ளுபடி. மாசத் தவணையும் உண்டாம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர்னா என்னன்னு சொல்லிடறேன். அது இரும்புத் தகட்டால் செய்த குழாய்கள். குழாய்க்கு உள்ளே நெருப்பு. வெளியே நாம் சுவாசிக்கும் காற்று. இரண்டும் கலக்காமல், சூடு மட்டும் தகட்டைத் தாண்டி வரவேண்டும். எரிந்த புகை தனிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். பல வருடம் சூடாகி ஆறி, விரிந்து சுருங்கி, அந்தத் தகடு வெடிக்கலாம். வெடித்தால் நெருப்பும் காற்றும் கலக்கும். அதனால் அந்தப் பையன் சொன்ன ஆபத்து பொய்யான ஆபத்து இல்லை. உண்மையிலேயே இருக்கக்கூடிய ஆபத்துதான்.

மாப்பிள்ளை பேனாவை எடுத்துட்டார். பிள்ளை பெத்த அப்பா, ராத்திரி முழுக்கத் தூங்கலை. 'குழந்தை', 'நஞ்சு'ன்னு ரெண்டு வார்த்தை காதுல விழுந்ததும் வேற எதுவும் யோசிக்கத் தோணாது. மகள் பிரசவத்துக்காக வேலையில விடுப்புல இருக்கா. ஆஸ்பத்திரி பில்லு இன்னும் முழுசா வரலை. பத்தாயிரம் வெள்ளின்னா அவங்களுக்கு அது சின்னத் தொகை இல்ல.

நான் அந்தப் பையன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, வெடிப்பைப் படம் எடுத்தீங்களா? காட்டுங்க." படம் இல்லைன்னார். "சரி, இப்போ மேல ஏறி எடுத்துத் தாங்க." அது உள்ளே தள்ளி இருக்கு, சுலபமாத் தெரியாதுன்னார். "புகைக்குழாயில எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருந்துச்சு? எண் என்ன?" அளக்கலைன்னார்.

நான் மாப்பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு, "கேஸ் மூடியே இருக்கட்டும். அவர் சொன்னது உண்மையா இருந்தா இன்னைக்கு ஆபத்து இல்ல, ஏன்னா அது ஓடவே இல்ல. ஹீட்டர் வாங்கியாச்சு, இன்னொரு ராத்திரி சமாளிக்கலாம். இன்னொருத்தர் பார்த்து அவரும் அதையே சொன்னா நானே பாதிப் பணம் தர்றேன்"னேன். அவர் யோசிச்சுட்டுப் பேனாவை மூடி வச்சார். கம்பெனிக்கு வந்து பார்த்த கூலி மட்டும் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாவது ஆள் மறுநாள் காலையில வந்தார். அறுபது வயசு இருக்கும், மெக்சிகோ பூர்வீகம், அந்த ஊர்லயே முப்பது வருஷமா இந்த வேலைதான். நெவாடா மாநிலத்துல ஏர்கோன், ஹீட்டர் வேலைக்கு 'சி-21'னு ஒரு உரிமம் வேணும். மாநிலக் குத்தகையாளர் வாரியத்தோட இணையப் பக்கத்துல உரிம எண்ணைப் போட்டா உண்மையான்னு தெரிஞ்சிடும். மகள் அதைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டிருந்தா.

அவர் முதல்ல கேட்டது, "என்ன சத்தம் வந்துச்சு? எந்த வரிசையில வந்துச்சு?" நான் சொன்னேன்: உறுமல், 'டப்', நாலு வினாடி, அமைதி. அவர் சிரிச்சார். "பாட்டி பாதி வேலையை முடிச்சுட்டீங்க"ன்னார்.

அவர் விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஃபர்னஸ் உடனே தீயைப் பற்ற வைக்காது. முதலில் ஒரு சின்ன விசிறி ஓடிப் புகைக்குழாயில் இழுவை உண்டாக்கும். அதுதான் உறுமல். இழுவை சரியாக இருக்கிறதா என்று ஒரு சுவிட்ச் சோதிக்கும். பிறகு ஒரு பற்றவைப்பான் மின்சாரத்தில் 1,000 டிகிரிக்கு மேல் சூடாகித் தணலாகச் சிவக்கும். அப்புறம்தான் கேஸ் வால்வு திறக்கும். 'டப்'. இப்போது சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி, 'ஃபிளேம் சென்சார்', நெருப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும். நெருப்பு வழியாக மிக மிகச் சிறிய மின்னோட்டம் போகும்; ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்குதான். அது தெரிந்தால் கேஸ் தொடரும். தெரியாவிட்டால், எரியாத கேஸ் வீட்டில் நிறையக் கூடாது என்று நாலைந்து வினாடியில் வால்வை மூடிவிடும். சில முறை முயன்று பார்த்துவிட்டுத் தானே பூட்டிக்கொள்ளும்.

"தீ பிடிச்சு உடனே அணைஞ்சா, பெரும்பாலும் இந்தக் கம்பி அழுக்கா இருக்கும். தீயை அதால பார்க்க முடியலை"ன்னார். பெட்டிக்குள்ள ஒரு சின்ன விளக்கு மினுக்கி மினுக்கி எண்ணிக்கையில குறி சொல்லும். அதோட விளக்க அட்டவணை கதவு உள்பக்கம் ஒட்டியிருக்கு. அதுவும் இதையேதான் சொல்லுச்சு.

கம்பியைக் கழட்டி எடுத்துட்டு வந்து எங்ககிட்டக் காட்டினார். வெள்ளையா ஒரு படலம். மெல்லிய உராய்ப்பானால தேய்ச்சுத் துடைச்சு மாட்டினார். அடுத்து ஃபில்டர். சாம்பல் நிறத்துல கம்பளி மாதிரி தூசி அடைச்சிருந்துச்சு. காற்று போகாவிட்டால் தகடு அளவுக்கு மீறிச் சூடாகும். அதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றார்.

அப்புறம் நாங்க கேட்காமலே, வளையும் ஒயர் நுனியில இருக்கிற சின்னக் கேமராவை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டு மாப்பிள்ளை கைத்தொலைபேசியில நேரடியாக் காட்டினார். வெடிப்பு இல்ல. கேஸைத் திறந்து ஓடவிட்டார். பெரிய விசிறி ஓடத் தொடங்கும்போது சுவாலை ஆடுதான்னு பார்க்கச் சொன்னார். வெடிப்பு இருந்தா காத்து உள்ள பூந்து சுவாலை அலையலாம். நீலமா, நேரா, ஆடாம எரிஞ்சுது. கடைசியா புகைக்குழாயில கருவியை விட்டு அளந்து எண்ணையும் எழுதிக் கொடுத்தார். மொத்தக் கூலி 210 வெள்ளி. ஒரு மணி நேரத்துல வீடு 20 டிகிரி. சம்பந்தியம்மா அவருக்கு இஞ்சி டீயும் உளுந்து வடையும் கொடுத்தாங்க. ரெண்டு வடையைக் காகிதத்துல சுத்தி எடுத்துக்கிட்டார்.

இதோட முடிஞ்சிருந்தா "கம்பெனிக்காரன் ஏமாத்துவான், ஜாக்கிரதை"ன்னு ஒரு வரியில எழுதிட்டுப் போயிருப்பேன். ஆனா அவர் கிளம்பும்போது எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்தாங்க. எழுபது வயசு, தனியா இருக்கிறவங்க. அவங்க ஹீட்டரையும் பார்க்க முடியுமான்னு கேட்டாங்க. நல்லாத்தான் ஓடுதாம், ஆனா ஒரு வாரமா காலையில எழுந்தா தலைவலி, வெளியில போனா சரியாயிடுது, ஏதோ ஃப்ளூ போலன்னாங்க. அவர் முகம் மாறிடுச்சு. "முதல்ல எல்லா ஜன்னலையும் திறங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போனார்.

பத்தொன்பது வருஷத்து ஃபர்னஸ். கேமராவுல வெடிப்பு தெளிவாத் தெரிஞ்சுது, விரல் நீளத்துக்கு. விசிறி ஓடினதும் சுவாலை மஞ்சளாகி வெளியே நாக்கு நீட்டுச்சு. அவர் அங்கேயே கேஸை மூடிச் சிவப்பு அட்டை கட்டிட்டார். அந்த அம்மாவை அவங்க மகன் வந்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். ரத்தத்துல அந்த வாயு இருந்துச்சு. பிராணவாயு கொடுத்து ரெண்டு நாள்ல அனுப்பினாங்க. அவங்க வீட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரம் சுவர்ல இருந்துச்சு. ஆனா அதோட ஆயுள் முடிஞ்சு பல வருஷம் ஆயிடுச்சு. பின்பக்கத்துல தேதி போட்டிருக்கு, யாரும் திருப்பிப் பார்க்கலை. மாப்பிள்ளை ஓடிப்போய் எங்க வீட்டுல இருந்ததைத் திருப்பிப் பார்த்தார். அதுவும் வீடு வாங்கும்போதே இருந்த பழசு. அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு புதுசு வாங்கி மாட்டினார்.

ஒரே தெருவுல ரெண்டு வீடு. ஒரு வீட்டுல வெடிப்பு இருக்குன்னு சொன்னாங்க, இல்ல. இன்னொரு வீட்டுல யாருமே சொல்லலை, இருந்துச்சு. அதனால "நம்பாதீங்க"ன்னும் சொல்ல முடியாது, "பயந்து கையெழுத்துப் போடுங்க"ன்னும் சொல்ல முடியாது. கண்ணால பார்த்து, எண்ணால அளந்து முடிவு பண்ணணும். அவ்வளவுதான் நான் கத்துக்கிட்டது.

பிள்ளைங்க அந்த மாதிரி ஊர்ல இருந்தா, தயவுசெய்து இதையெல்லாம் அவங்ககிட்டச் சொல்லுங்க:

ஒவ்வொரு மாடியிலும், படுக்கை அறைக்கு வெளியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேணும். பின்பக்கத் தேதியைப் பார்க்கணும். மாதிரிக்கு ஏற்ப அஞ்சு முதல் பத்து வருஷம்தான் அதோட ஆயுள். அலாரம் அடிச்சா தேட வேணாம், குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளியே போய் 911 கூப்பிடணும்.

அழுகின முட்டை மாதிரி வாடை வந்தா அது கேஸ் கசிவு. கேஸுக்கு இயற்கையா வாடை இல்ல, நமக்குத் தெரியணும்னு சேர்க்கிறாங்க. சுவிட்ச் எதையும் தொடாம வெளியே போய்தான் போன் பண்ணணும்.

நம்ம வீட்டுல மூணு மாசத்துக்கு ஒருமுறை ஏர்கோன் சர்வீஸ் பண்றோமே, அந்தப் பழக்கத்தை அங்கயும் வச்சுக்கணும். தூசி ஊர்ல ஃபில்டரை மாசம் ஒருமுறை எடுத்துப் பார்க்கணும், அடைச்சிருந்தா மாத்தணும். அக்டோபர்லயே, குளிர் வர்றதுக்கு முன்னாடி, ஹீட்டரை ஒரு அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கணும். கோளாறுன்னா அப்போ ரிப்பேர்காரர் சுலபமாக் கிடைப்பார்.

வெடிப்புன்னு சொன்னா கேஸை மூடியே வச்சுக்கிட்டு, படம் கேளுங்க, புகைக்குழாய் அளவு கேளுங்க, இன்னொருத்தரைக் கூப்பிடுங்க. உண்மையிலேயே வெடிப்புன்னா வாரண்டியைத் தேடிப் பாருங்க. பல தயாரிப்பாளர்கள் அந்தப் பாகத்துக்கு மட்டும் 20 வருஷம் வரைக்கும் தர்றாங்க.

வீட்டுக்குள்ள கரி வேணாம், கேஸ் அவன் வேணாம், கார் நிறுத்துற அறையில இன்ஜினை ஓடவிட்டு நிக்க வேணாம். பிரசவம் பார்க்கப் போற அம்மாக்களே, குழந்தைக்குச் சாம்பிராணி போடணும்னு ஆசை இருக்கும். அந்த வீட்டுல அந்த ஆசையை விட்டுடுங்க. தலையைத் துண்டால நல்லாத் துவட்டிவிட்டாப் போதும்.

எல்லாரோட வீட்டுலயும் ஒரு குறிப்பிட்ட காலையில காரணம் தெரியாத தலைவலி வரலாம். ஆனா ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒண்ணா வந்து, வெளியே போனதும் விட்டுச்சுன்னா, அது காய்ச்சல் இல்ல. இந்த ஒரு வரியாவது ஞாபகம் இருக்கட்டும்.

உங்க சொந்தத்துல யாராவது அந்தப் பக்கம் இருந்தா இந்தப் பதிவை அனுப்பி வையுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். அலாரம் பெட்டியின் பின்பக்கத் தேதி எங்கே இருக்கும்னு மாப்பிள்ளை படம் எடுத்து அனுப்பியிருக்கார். கேட்கிறவங்களுக்குப் புலனத்துல அனுப்பறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து மடப்பள்ளியில இருப்பேன். காய் நறுக்க ஆள் குறைவா இருக்காம், முடிஞ்சவங்க வாங்க.

அன்புடன்,
உங்கள் மடப்பள்ளி அக்கா